இடக்கை முடிச்சு

திருவல்லிக்கேணி, சென்னை
17-1-1968

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகுவலி எப்படி, தெய்வாத்தாளின் இருமல் நின்றதா என்று முதலில் எழுதுங்கள்.

பொங்கல் பார்சல் வந்தது. எள்ளுருண்டை அறைக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் தீர்ந்தது. பனியன் இரண்டும் அளவாக இருக்கின்றன.

‘தம்பி பட்டணத்தில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் என்ன சொல்வது’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தெரியவில்லை. இந்த வாரம் செய்ததைச் சொல்கிறேன். பம்ப்செட் கம்பெனி ஒன்றுக்கு விளக்கப் புத்தகம் மொழிபெயர்த்தேன். கடற்கரையில் ஒரு காலை முழுக்க நின்று மீன் ஏலம் பார்த்து எழுதினேன். ஒரு நாடக விமரிசனம். வாரப் பத்திரிகையில் ரங்காத்தாள் என்ற பெயரில் சமையல் குறிப்பு வருகிறதே, அது நான்தான். வெளியில் சொல்ல வேண்டாம். எழுதியது அச்சானால் வேலை. ஆகாவிட்டால் வெறும் காகிதம்.

இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. அதே பத்திரிகையில் ‘கைகள்’ என்று ஒரு தொடர். கண்ணில் படாத வேலைகளைப் பற்றி ஆறு கட்டுரை. நன்றாக அமைந்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்கிறார் ஒரு பதிப்பாளர். என் சொந்தப் பெயரில் முதல் புத்தகம்.

எழுத உட்கார்ந்ததும் ஒன்று உறைத்தது. பதினோரு வருடமாகப் பனியன் கம்பெனிக்குப் போகிறீர்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அங்கே என்ன செய்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்கிறேன். துணி கைக்கு வரும்போது சூடாக இருக்குமா? பக்கத்தில் யார்? கண்ணால் பார்ப்பீர்களா, விரலால் பார்ப்பீர்களா? கரண்ட் போய் மிஷின்கள் நின்றதும் முதலில் கேட்கிற சத்தம் எது?

உங்கள் பதிலுக்காக,
குமாரவேல்


நல்லூர், திருப்பூர்
29-1-1968

தம்பி குமாரவேலுக்கு அக்காள் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் மகள் தெய்வாத்தாளும் சுகம். இருமல் நின்றுவிட்டது. மெஸ் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

யாரும் கேட்காததைக் கேட்டிருக்கிறாய். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மிஷினிலிருந்து துணி நீளக் குழாயாக வரும். ஊசி முறிந்த இடத்தில், நூல் அறுந்த இடத்தில் ஓட்டை விழும். உள்ளே கையை விட்டு வெளிச்சத்துக்குக் காட்டி அதைப் பிடிக்க வேண்டும். சின்ன ஓட்டை என்றால் அதே நூலில் கண்ணி கோத்து அடைத்துவிடுவோம். சலவைக்குப் போய் வெளுத்து வந்தால் ஓட்டை இருந்த இடம் தெரியாது. செய்தது தெரியக் கூடாது, அதுதான் வேலை. கண் பத்து மணி வரைக்கும்தான். அப்புறம் விரல்தான்.

பக்கத்தில் மருதாள் என்று ஒருத்தி. நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். “ஏனுங்க்கா, பட்டணத்துல உங்க தம்பிக்கு எழுதறதுக்கு வேற ஓட்டையே கெடைக்கலீங்களா?” என்றாள். மேசையே சிரித்தது. ரங்காத்தாள் சொன்ன அளவில் ராகி அடை சுட்டு வாயில் வைக்க முடியாமல் உப்பாகிவிட்டதாம். அந்த அம்மா நேரில் கிடைத்தால் இருக்கிறது என்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ கேட்காததையும் சொல்கிறேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். உன் மாமா தவறியபோது அவர் அண்ணன் அங்கமுத்து, மூலனூர்த் தோட்டத்துக்கே வந்துவிடச் சொன்னார். நல்ல மனுசர்தான். ஆனால் அங்கே நான் ஒரு மூலையில் உட்கார வைத்த ஆள். பெரிய மனுசியான பெண்ணை அவர்கள் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டார்கள். வழக்கம் இல்லை. இந்த வேலை இருக்கிறவரை நல்லூரில் ஓர் அறை, என் சாவி என் இடுப்பில். தெய்வாத்தாள் இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.
நல்லம்மாள்


சென்னை
8-2-1968

அக்கா,

இங்கே சுகம், உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து கூடுதல் சுகம். தெய்வாத்தாளுக்குப் பேனா ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

‘செய்தது தெரியக் கூடாது, அதுதான் வேலை.’ இந்த வரியோடு இரண்டு நாளாக நடந்துகொண்டிருக்கிறேன். நான் எழுதுவதும் பாதி அப்படித்தான். ஜோசியர் ஊருக்குப் போனதால் இந்த வார ராசிபலன் என்னுடையது. உங்கள் ரிஷபத்துக்கு ‘எதிர்பாராத இடமாற்றம்’ என்று போட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை. நம்பிவிடாதீர்கள்.

ஒரு சந்தேகம். ஒன்றும் தெரியாது என்றால், அடைத்தது நீங்களா மருதாளா என்று எப்படித் தெரியும்? என் பனியனில் உங்கள் கை இருக்கிறதா?

குமாரவேல்


நல்லூர்
20-2-1968

தம்பிக்கு,

நாங்கள் நலம். பேனா வந்தது. அவள் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறாள். நீ வெயிலில் அலையாமல் இரு.

பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி புறம் திருப்பு. இடது அக்குளுக்குக் கீழே விரலால் தடவு. கடுகு அளவுக்கு ஒன்று தட்டுப்படும். அடைத்து முடித்த நூலின் முடிச்சு. வெளியே தெரியாது, உள்ளே உண்டு. எல்லாருடைய முடிச்சும் வலப்பக்கம் சாயும். என்னுடையது இடப்பக்கம்.

உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது கைக்குழந்தை. நான் எதற்கும் இடது கையை நீட்டுவேன் என்று அம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்துத்தான் சோறு போடுவாள். சாப்பாடு, எழுத்து, கோலம் எல்லாம் வலது கைக்கு மாறிவிட்டது. ஊசி மட்டும் மாறவில்லை. கம்பெனியில் யாரும் கையைப் பார்ப்பதில்லை. ஓட்டையைத்தான் பார்ப்பார்கள்.

அடைத்த துணியும் அடைக்காத துணியும் ஒரே முதல் தரம் என்றுதான் மூட்டையாகும். முதலாளி ஆறுமுகசாமி, “தெரியாத வரைக்கும் அது நல்ல துணிதானுங்க” என்பார். திருட்டு என்று நினைத்துவிடாதே. கிழியவே கிழியாது. அதற்கு நான் உத்தரவாதம்.

இதெல்லாம் உனக்குச் சொல்வது, கண்ணு. எழுதினால் என் பேர் வேண்டாம். கம்பெனி பேரும் வேண்டாம்.

நல்லம்மாள்


சென்னை
1-4-1968

அன்புள்ள அக்கா,

உங்கள் உடம்பு, மருதாளின் வாய், தெய்வாத்தாளின் பரீட்சை, மூன்றும் எப்படி?

கட்டுரை வந்துவிட்டது. பத்திரிகை தனித் தபாலில் வருகிறது. சொன்னபடி உங்கள் பேர் இல்லை. ஊர் இல்லை. கம்பெனி இல்லை. ‘மேற்கே ஓர் ஊர்’ என்று மட்டும். என் பேரும் இரண்டு எழுத்துதான்: கு.வே.

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ஆசிரியர் எழுந்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. பதிப்பாளர், ‘இதுதான் புத்தகத்தின் முதல் கட்டுரை’ என்றார். அந்தப் பத்தி இப்படி:

‘இதைப் படிப்பவர் தம் பனியனைப் புறம் திருப்பித் தடவிப் பார்க்கலாம். கடுகளவு முடிச்சு ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அது குழந்தைப் பருவத்தில் முந்தானையில் முடியப்பட்ட ஒரு கை.’

அக்கா, அறையில் எல்லாரும் பனியனைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

குமாரவேல்


சென்னை
10-6-1968

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு சரியில்லையா என்று கவலையாக இருக்கிறது. ஒரு கார்டாவது போடுங்கள்.

கட்டுரை பிடிக்கவில்லையா? அம்மாவைப் பற்றி எழுதியது தவறா? அப்படியானால் புத்தகத்தில் மாற்றிவிடலாம். ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது.

நடுவில் ஒரு வட்டிக்கடைக்காரரின் சுயசரிதையை அவருக்காக எழுதிக் கொடுத்தேன். ஒரு சினிமாக் கம்பெனியில் நான்கு நாள் வசனம். நான்காம் நாள் கதையையே மாற்றிவிட்டார்கள். தொடருக்கு இன்னும் இரண்டு கட்டுரை பாக்கி. என்னிடம் கேள்விகள் இருக்கின்றன. பதில் சொல்ல ஆள் இல்லை.

தெய்வாத்தாளுக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வாங்கியாயிற்றா?

குமாரவேல்


22-6-1968

தம்பிக்கு,

யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. கவலைப்படாதே. எழுதக் கை ஒழியவில்லை. கட்டுரை நன்றாக இருந்தது. அம்மாவைப் பற்றி எழுதியதில் தவறு இல்லை.

உனக்கு விஷயம் வேண்டும் என்றாய். முருங்கைக்காய்ச் சந்தை பார்த்திருக்கிறாயா? காயை நீளம் பார்த்துக் கட்டுவதில்லை. இரண்டு விரலால் லேசாக முறுக்கிப் பார்ப்பார்கள். இளசு என்றால் வளைந்து கொடுக்கும். முற்றினது விரலைத் தள்ளும். கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கலாம். நான் பிரிப்பதைப் பார்த்து இங்கே எல்லாருக்கும் ஆச்சரியம்.

புத்தகம் வாங்கவில்லை. பார்க்கலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
நல்லம்மாள்


சென்னை
1-7-1968

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ப முயல்கிறேன்.

முருங்கைக்காய் விஷயத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, நல்ல கட்டுரை என்று நினைத்தேன். குறிப்பெடுத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாம் முறை, கடிதத்தில் ஊர் இல்லை என்று பார்த்தேன். மூன்றாம் முறை கார்டைத் திருப்பினேன். மூலனூர் முத்திரை.

திருவிழாவுக்குப் போனீர்களா? ஜூனில் என்ன திருவிழா? மருதாள் ஒரு வரியில்கூட இல்லை. சாவி இல்லை. ‘புத்தகம் வாங்கவில்லை’ இருக்கிறது.

ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்கிற ஆள் நான். இதை மூன்றாம் முறை படித்த பிறகுதான் கேட்கிறேன். ஏன் மூலனூர்?

குமாரவேல்


திருப்பூர்
24-7-1968

அக்கா,

நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் நானே வந்தேன். ரயிலடிக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும்.

நல்லூரில் உங்கள் வாசலில் வேறு யாரோ கோலம் போட்டிருந்தார்கள். கம்பெனிக்குப் போனேன். டீ நேரம். மருதாளை அவள் குரலை வைத்தே கண்டுபிடித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதானுங்களா அந்தத் தம்பி?” என்றாள். பிறகு, “உள்ள மொதலாளி இருக்காருங்க. கேள்வி கேக்கறவருதானுங்களே நீங்க. போய்க் கேளுங்க” என்று சொல்லி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

ஆறுமுகசாமி என்னை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தார். பத்திரிகைக்காரன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். “உங்காளு ஒருத்தரு எழுதினாருங்க” என்று இழுப்பறையைத் திறந்தார். என் கட்டுரை. அதன்மேல் புறம் திருப்பிய ஒரு பனியன்.

திருச்சி வியாபாரி கட்டுரையைப் படித்துவிட்டு, வந்திருந்த மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தடவி, முடிச்சு இருந்ததையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம். திரும்பி வந்ததில் பாதி இடப்பக்கம் சாய்ந்த முடிச்சு.

பேரை மறைத்தேன். ஊரை மறைத்தேன். கையை எழுதிவிட்டேன்.

“எங்க கம்பெனியில பீச்சாங்கை ஒண்ணே ஒண்ணுதானுங்க” என்றார். “மூட்டை திரும்பி வந்ததுக்கு நான் அவங்களை நிறுத்தலீங்க. கூப்பிட்டுக் கேட்டேன். நாந்தான் சொன்னேன்னாங்க. யாருகிட்டச் சொன்னீங்கன்னேன். வாயே தொறக்கலீங்க. மூணு நாள் கேட்டேன். பேரைச் சொல்லியிருந்தா இன்னிக்கும் அந்த மேசையிலதான் இருப்பாங்க.”

“என்னிடம்தான் சொன்னார், நான் அவர் தம்பி” என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். காப்பியை என் பக்கம் நகர்த்தினார். “நீங்க சொல்றது உங்க யோக்கியம். எனக்கு அவங்க வாயில வரோணும். எம்பட மேசையில உக்காந்துட்டு எங்கிட்ட மறைச்சா எப்படிங்க நம்பறது?”

அக்கா, அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் வந்து என் பேரைச் சொன்னால் போதும். வேலை, சாவி, தெய்வாத்தாளின் பள்ளிக்கூடம், எல்லாம் அந்த நான்கைந்து எழுத்தில் இருக்கிறது. மூலனூர் வந்து உங்களைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

குமாரவேல்


மூலனூர்
31-7-1968

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நல்லபடியாகச் சென்னை போய்ச் சேர்ந்தாயா?

தெய்வாத்தாள் பெரிய மனுசியாகிவிட்டாள். மே மாதமே. சீருக்கு உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அங்கமுத்து அண்ணன் கேட்டார். சென்னையில் வேலை அதிகம் என்றேன்.

நீ இத்தனை கேட்டாயே, நான் உன்னை ஒன்று கேட்கிறேன். பேர் வேண்டாம் என்றதும் சரியாக விட்டாய். ஊரை விட்டாய். முடிச்சு மட்டும் ஏன்? எனக்குத் தெரிய வேண்டும். கோபத்தில் கேட்கவில்லை.

நல்லம்மாள்


சென்னை
5-8-1968

அன்புள்ள அக்கா,

சேர்ந்துவிட்டேன். உடம்பு நலம்.

தாய்மாமன் இல்லாத சீர். அந்த வரியைத் தாண்ட ஒரு பகல் ஆயிற்று.

உங்கள் கேள்விக்கு நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். அது உண்மை என்பதால் என்று ஒன்று. உங்கள் கை உலகத்துக்குத் தெரியட்டும் என்று ஒன்று. எல்லாம் பொய் இல்லை. ஆனால் பதில் இது: அது நன்றாக இருந்தது. எழுதும்போதே தெரிந்தது, இந்தப் பத்திதான் கட்டுரையைத் தூக்கி நிறுத்தும் என்று. அதற்குப் பிறகு வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. உங்களைக்கூட.

அந்தக் கட்டுரையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அது இல்லாமல் புத்தகம் இல்லை என்றார் பதிப்பாளர். இல்லாமல் போகட்டும் என்றேன். இதை உங்களுக்குச் செய்த உபகாரமாகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம் ரங்காத்தாள் மட்டும்தான் எழுதினாள். உப்பைக் குறைத்திருக்கிறேன்.

குமாரவேல்


நல்லூர், திருப்பூர்
2-9-1968

தம்பி குமாரவேலுக்கு அக்காள் எழுதுவது. எங்கிருந்து எழுதுகிறேன் என்று மேலே பார். நாங்கள் இருவரும் சுகம். நீ ஒல்லியாக இருக்கிறாய் என்று மருதாள் சொன்னாள். எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் பதில் வந்தது. நான்கைக் கிழித்து ஐந்தாவதை அனுப்பினாயே, அது போதும்.

இரண்டு வாரம் முன்னால், திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். வழியெல்லாம் உன் பேரைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அவருக்குத் தெரிந்த பேர்தானே. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதையே கேட்டார். “யாருகிட்டச் சொன்னீங்க?”

எனக்கு வாயில் வேறு வந்தது.

“கேட்டவங்ககிட்டச் சொன்னனுங்க. இந்த மேசையில பதினோரு வருசமா ஒருத்தரும் கேக்கலீங்க.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, மூலனூர் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆளைக் கூப்பிட்டு ஒரு சுருள் துணி கொண்டுவரச் சொன்னார். அதில் ஓட்டையை அவரே தேடி எடுத்து என் முன்னால் போட்டார்.

“சரி. இப்பக் கேக்கறேன். அதெப்படிங்க இடப்பக்கம் சாயுது?”

உட்கார்ந்து காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டை அடைந்து தீரும் வரை பார்த்தார். முடிச்சுப் போட்டதும் அவரே புறம் திருப்பித் தடவினார். இரண்டு தடவை. அப்புறம், “இனிமே சோத்தாங்கையில தைங்க. வியாபாரி கண்ணு இப்ப இடப்பக்கமே இருக்குது” என்றார்.

ஆகட்டுங்க என்றேன்.

மேசையில் என் இடத்தில் மருதாள் தன் சோற்றுத் தூக்குப்போசியை வைத்து யாரையும் உட்கார விடாமல் காத்திருக்கிறாள், நான்கு மாதமாக. “தம்பி காப்பாத்திட்டாருங்களா?” என்றாள். “எதுலருந்து?” என்றேன். சிரித்துவிட்டாள்.

பழைய அறை கிடைக்கவில்லை. அதே வீதியில் வேறொன்று. சாவி கொஞ்சம் பெரிது, இடுப்பில் இடிக்கிறது. தலைமையாசிரியை அம்மா தெய்வாத்தாளைச் சேர்த்துக்கொண்டார். விட்ட பாடத்தையெல்லாம் உன் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறாள். அங்கமுத்து அண்ணன் பஸ் ஏற்றிவிடும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தார். எல்லாம் இளசு.

முதல் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். கரண்ட் போனதும் முதலில் என்ன சத்தம் என்று. பதினோரு வருடம் இருந்தும் நான் கவனித்ததில்லை. நேற்றைக்கு முன்தினம் போயிற்று. காது கொடுத்தேன். பாட்டு, தம்பி. மிஷின் இரைச்சலில் ஒவ்வொருத்தியும் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்காது. இரைச்சல் நின்றதும் ஒரு கணம், எல்லாப் பாட்டும் வெளியே கேட்கிறது. வேறு வேறு பாட்டு. உடனே வெட்கப்பட்டு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒரு பனியன் வைத்திருக்கிறேன். திரும்பிவந்த முதல் நாள் நான் அடைத்த துணியில் வெட்டியது. கழுத்துக்குக் கீழே, உள்பக்கம் தடவிப் பார். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உன் விரலுக்குத் தெரியும்.

பாட்டை எழுதிக்கொள். முடிச்சு உனக்கு மட்டும்.

நல்லம்மாள்